குடும்பம் முழுவதும் விளையாட இடம் தேடியவர்: வால்ட் டிஸ்னியின் கதை

வால்ட் டிஸ்னி என்ற பெயரைக் கேட்டதும் மிக்கி எலி நினைவுக்கு வரும். கோபக்கார வாத்து டொனால்டு நினைவுக்கு வரும். சினிமா உலகில் 26 ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றவர் அவர். அந்த அளவுக்கு இன்னொருவர் பெற்றதில்லை.

ஆனால் இந்தப் பெரிய மனிதரின் பிற்பாதி வாழ்நாளை ஆட்டி வைத்தது ஒரு சின்ன விஷயம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெற்றோருக்கு வேலை இல்லை. பெற்றோர் பொழுது போக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. இருவரும் சேர்ந்து மகிழ ஒரே இடம் ஏன் இருக்கக் கூடாது?

இந்தக் கேள்விக்கு விடை காண அவர் ஓய்வு வீட்டை விற்கவும் துணிந்தார். அண்ணனோடு வாதாடினார். கடைசியில் விடையைத் தம் கண்ணால் முழுமையாகப் பார்க்காமலே கண்ணை மூடினார்.

பத்திரிகை போட்ட பையன்

டிஸ்னி 1901-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி சிக்காகோ நகரில் பிறந்தார். தகப்பனார் பெயர் எலியாஸ், தாயார் புளோரா. நான்கு ஆண் பிள்ளைகளில் வால்ட்தான் கடைக்குட்டி. அவனுக்குப் பிறகு ரூத் என்று ஒரு தங்கை.

வால்டுக்கு 4 வயதானபோது குடும்பம் மிசௌரி மாகாணத்தில் மார்சலீன் என்ற சிற்றூருக்குக் குடியேறியது. அங்கே ஒரு பண்ணை. ஆப்பிள் மரங்கள், பன்றிகள், கோழிகள், பக்கத்திலேயே ரயில் பாதை. சிறுவனுக்கு அது சுவர்க்கமாக இருந்தது.

சுவர்க்கம் நீடிக்கவில்லை. தகப்பனார் நோயில் விழுந்தார். பண்ணை விலை போயிற்று. 1911-ல் குடும்பம் கான்சாஸ் நகரம் போய்ச் சேர்ந்தது. எலியாஸ் அங்கே பத்திரிகை வினியோகத்தை எடுத்துக்கொண்டார். 9 வயது வால்டும் அண்ணன் ராயும் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பத்திரிகை போட வேண்டும். பனி முழங்கால் அளவு கிடந்தாலும் போக வேண்டும். கூலிக்கு வைத்த பையன்களுக்குச் சம்பளம் உண்டு. சொந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. சோறு போடுவதே சம்பளம் என்பது தகப்பனாரின் கணக்கு.

சில வீடுகளின் திண்ணைகளில், அந்த வீட்டுக் குழந்தைகள் முதல் நாள் மாலை விட்டுச் சென்ற பொம்மைகள் கிடக்கும். இருட்டில் பத்திரிகைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, சிறுவன் வால்ட் அவற்றோடு சற்று நேரம் விளையாடுவான். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவான்.

அந்த நகரில் பேர்மவுண்ட் பூங்கா என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. உள்ளே போகக் காசு வேண்டும். அண்ணனும் தங்கையும் வேலிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதோடு சரி.

கையில் 40 டாலர்

முதல் உலக யுத்தத்தின் முடிவில் வால்ட் தம் வயதைக் கூட்டிச் சொல்லி, செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் டிரைவராகச் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்துவிட்டது. திரும்பி வந்து கான்சாஸ் நகரில் சித்திரப் படக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். 1923-ல் அது திவாலாயிற்று. கையில் சுமார் 40 டாலருடன் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார்.

அங்கே அண்ணன் ராய் இருந்தார். தம்பியைவிட 8 வயது பெரியவர். தம்பி கனவு காண்பார். அண்ணன் கணக்குப் பார்ப்பார். இந்த ஏற்பாடு கடைசி வரை மாறவில்லை. 1923 அக்டோபரில் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து படக் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1925-ல் கம்பெனியில் வேலை பார்த்த லில்லியன் என்ற பெண்ணை வால்ட் மணந்தார்.

1928-ல், அவர் வளர்த்த ஆஸ்வால்டு என்ற முயல் பாத்திரத்தை வினியோகஸ்தரே தட்டிக்கொண்டு போனார். அந்த நஷ்டத்திலிருந்து பிறந்ததுதான் மிக்கி எலி. அதே வருஷம் நவம்பர் 18-ந் தேதி நியூயார்க்கில் ஒலியோடு வெளிவந்த மிக்கி படம் டிஸ்னியின் பெயரை ஊரறியச் செய்தது.

1933-ல் மூத்த மகள் டயான் பிறந்தாள். பிறகு ஷாரன் என்ற பெண் குழந்தையைத் தம்பதிகள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள்.

சக்கரம் வைத்த வீடு

அந்த நாட்களில் அமெரிக்க மத்தியதரக் குடும்பங்களைப் பிடித்த மோகம் ஒன்று உண்டு. அதற்கு டிரெய்லர் என்று பெயர். சக்கரம் வைத்த சிறு வீடு என்று அதைச் சொல்லலாம். படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேஜை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதை மோட்டாருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். இருட்டினால் எங்காவது ஓரமாக நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கலாம். நம் ஊரில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, பாத்திரம் பண்டத்தோடு தேர்த் திருவிழாவுக்குப் போவார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். மாட்டுக்குப் பதில் மோட்டார்.

இந்த மோகத்தை வைத்து 1938-ல் டிஸ்னி கம்பெனி "மிக்கியின் டிரெய்லர்" என்ற சிறு படத்தை வெளியிட்டது. வாசலும் வேலியும் உள்ள அழகான வீடு. மிக்கி ஒரு விசையை இழுத்ததும் அத்தனையும் மடிந்து டிரெய்லருக்குள் போய்விடுகிறது. சுற்றியிருந்த மலைக் காட்சிகூட மடிந்து போக, வண்டி நின்ற இடம் குப்பைமேடு என்று தெரிகிறது! வண்டி ஓடும்போதே மிக்கி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சோளக் கதிர் பறிக்கிறது. மாட்டில் பால் கறக்கிறது. காலை உணவு தயார் என்றதும் கூபி ஓட்டுவதை விட்டுவிட்டுச் சாப்பிட வந்து உட்காருகிறது. அப்புறம் டிரெய்லர் கழன்று மலைச் சரிவில் உருளுகிறது. தியேட்டரில் பெரியவர்களும் சிறியவர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

நெஞ்சில் தைத்த முள்

1937 டிசம்பர் 21-ல் வெளியான "ஸ்னோ ஒயிட்" முழுநீளச் சித்திரப் படம் பணத்தைக் கொட்டியது. கஷ்டப்பட்ட பெற்றோருக்கு நல்ல வீடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சகோதரர்கள் ஆசைப்பட்டார்கள். ஹாலிவுட்டுக்கு அருகில் ஒரு புது வீட்டை வாங்கி அவர்களைக் குடிவைத்தார்கள்.

வீட்டைச் சூடாக்கும் உலையில் ஏதோ கோளாறு என்று தாயார் சொன்னார். கம்பெனி ஆட்கள் போய்ப் பழுது பார்த்தார்கள். ஆனால் 1938 நவம்பர் 26-ந் தேதி உலையின் விஷப் புகை வீட்டுக்குள் பரவியது. தகப்பனார் பிழைத்தார். தாயார் புளோரா மாண்டார்.

மகன் ஆசையாக வாங்கித் தந்த வீடே தாய்க்கு யமனாயிற்று. இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுவதையே டிஸ்னி தவிர்த்தார்.

1941 மே மாதம் அவருடைய சித்திரக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பள வித்தியாசமும் சங்கம் அமைக்கும் உரிமையும் தகராறுக்குக் காரணம். எல்லோரும் ஒரே குடும்பம் என்று நினைத்திருந்த டிஸ்னி, தொழிலாளர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. துரோகம் என்றே எடுத்துக்கொண்டார். இரு தரப்பிலும் விழுந்த கசப்பு பல வருஷம் மாறவில்லை. அந்த செப்டம்பரில் அவர் தென் அமெரிக்காவில் இருந்தபோது தகப்பனாரும் காலமானார்.

பெஞ்சும் வேர்க்கடலையும்

ஓய்வு நாட்களில் டிஸ்னி தம் இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிபித் பூங்காவில் ஒரு குதிரை ராட்டினம் இருந்தது. பெண்கள் மரக்குதிரைமேல் ஏறிச் சுற்றுவார்கள். தகப்பனார் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார்.

சுற்றிலும் மற்றத் தகப்பன்மார்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அக்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவும் குப்பையும் கூளமுமாக இருக்கும். சாயம் போன ராட்டினங்கள். முகம் கொடுத்துப் பேசாத சிப்பந்திகள். பெற்றோருக்கு அங்கே ஒரே வேலை, டிக்கெட்டுக்குக் காசு எடுத்துக் கொடுப்பதுதான்.

பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து களிக்கும் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில்தான் முளைத்தது என்று அவரே பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

1950-ல் தம் வீட்டுக் கொல்லையிலேயே ஆள் உட்கார்ந்து போகும் குட்டி ரயில் ஒன்றை அமைத்தார். நிஜ ரயிலில் எட்டில் ஒரு பங்கு அளவு. நிஜமாகவே நீராவியில் ஓடும். மனைவியின் பூச்செடிகளைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகப் பாத்திக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பாதை போட்டார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாமே எஞ்சின் ஓட்டுவார்.

ஆரஞ்சுத் தோப்பில் அதிசயம்

பூங்கா கட்டப் பணம் தர ராய் முதலில் தயங்கினார். டிஸ்னி தம் ஆயுள் இன்ஷ்யூரன்ஸின் பேரில் கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்சிலிருந்த ஓய்வு வீட்டை விற்றார். 1953 செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹெர்ப் ரைமன் என்ற சித்திரக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தம் மனத்திலிருந்த பூங்காவை வரையச் சொன்னார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ராய் நியூயார்க் போனார். ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி பணம் போடச் சம்மதித்தது. அதற்குப் பதிலாக டிஸ்னி வாராவாரம் டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு. 1954 ஜூலையில் வேலை தொடங்கியது. ஒரே வருஷத்தில், சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் டிஸ்னிலாந்து எழும்பியது.

1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அன்று எல்லாமே தலைகீழாயிற்று. கள்ள டிக்கெட்டுகளுடன் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தார்கள். வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பைக் கவ்விப் பிடித்தது. குழாய்த் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் இல்லை. பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்தன.

டிஸ்னி சளைக்கவில்லை. பூங்காவின் பிரதான வீதியில் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் தமக்கு ஒரு சிறு அறை அமைத்துக்கொண்டார். அங்கேயே தங்கி ஒவ்வொரு குறையையும் பார்த்துத் திருத்தினார். இரண்டு மாதம் முடிவதற்குள் 10 லட்சம் பேர் வந்து போனார்கள். தகப்பன்மார் பெஞ்சில் உட்காரவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து ரயிலிலும் படகிலும் ஏறினார்கள்.

27,400 ஏக்கர்

ஆனாலும் ஒரு குறை அவரை உறுத்தியது. தூர தேசங்களிலிருந்து வரும் குடும்பங்கள் இரவில் எங்கே தங்குவது? பூங்காவுக்கு வெளியே நிலம் வாங்க அன்று அவரிடம் பணம் இல்லை. அந்த இடங்களில் யார் யாரோ விடுதிகளைக் கட்டினார்கள். வேலிக்கு உள்ளே அவர் கண்ட கனவு. வேலியைத் தாண்டினால் விளம்பர விளக்குகளின் நெரிசல்.

அடுத்த தடவை அந்தத் தவறு நேரக் கூடாது என்று உறுதி செய்துகொண்டார். 1963 நவம்பர் 22-ந் தேதி புளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகரின்மேல் விமானத்தில் பறந்து இடத்தைப் பார்த்தார். (ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதும் அன்றுதான்.) கீழே சதுப்பு நிலம், ஏரிகள், சைப்ரஸ் மரக் காடு. டிஸ்னி வாங்குகிறார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். ஆகவே வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ரகசியமாக வாங்கினார்கள். 1965-ல் பத்திரிகை ஒன்று குட்டை உடைப்பதற்குள் 27,400 ஏக்கர் கைக்கு வந்துவிட்டது. விலை சுமார் 50 லட்சம் டாலர்.

இப்போது இடம் தாராளமாக இருந்தது. காலம்தான் இல்லை.

பல ஆண்டுகளாக ஓயாமல் சிகரெட் பிடித்தவர் டிஸ்னி. 1966 நவம்பரில் இடது நுரையீரலில் புற்றுநோய் இருப்பது தெரிந்து, அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் நோய் பரவிவிட்டது. கடைசி இரவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, மேல்தளத்தின் கட்டங்களையே வரைபடமாக வைத்துக்கொண்டு, புளோரிடாவில் எது எங்கே வர வேண்டும் என்று அண்ணனுக்கு விரலால் சுட்டிக் காட்டினாராம். மறுநாள், டிசம்பர் 15-ந் தேதி காலமானார். வயது 65.

அண்ணன் நிறைவேற்றினார்

ராய்க்கு அப்போது 73 வயது. ஓய்வு பெற இருந்தவர், ஓய்வை ஒத்திப் போட்டார். 1971 அக்டோபர் 1-ந் தேதி புளோரிடாப் பூங்கா திறந்தது. யாருடைய கனவு என்று உலகம் மறக்கக் கூடாது என்பதற்காக, அதன் பெயரில் "வால்ட்" என்ற சொல்லையும் சேர்த்து "வால்ட் டிஸ்னி வேர்ல்டு" என்று வைத்தார்.

அதே நிலத்துக்குள், முதல் நாளே இரண்டு பெரிய ஹோட்டல்கள் திறந்தன. ஆனால் எல்லாக் குடும்பங்களும் பெரிய ஹோட்டலில் தங்க முடியுமா? நவம்பர் 19-ந் தேதி, பே ஏரிக்கரையில் பைன் மரங்களுக்கும் சைப்ரஸ் மரங்களுக்கும் நடுவே ஒரு முகாம் மைதானம் திறக்கப்பட்டது. பெயர் "போர்ட் வில்டர்னஸ்". காட்டுக் கோட்டை என்று பொருள். டிஸ்னி தாம் உயிரோடிருந்தபோது 1956-ல் டிஸ்னிலாந்தின் சிறு தீவில் பிள்ளைகளுக்காகக் கட்டிய மரக் கோட்டையின் பெயர் அது.

டிரெய்லர் இழுத்து வரும் குடும்பங்களுக்கும் கூடாரம் அடிப்பவர்களுக்கும் உரிய இடம் அது. மரங்களுக்கிடையே ஏறக்குறைய 800 மனைகள். ஒவ்வொன்றிலும் மின்சார இணைப்பு, தண்ணீர்க் குழாய், சாப்பாட்டு மேஜை, கரி அடுப்பு. பெரும்பாலான மனைகளில் கழிவு நீர்க் குழாயும் உண்டு. பக்கத்திலேயே பொதுக் குளியலறைகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. வாடகை ஹோட்டல் அறையைவிடக் குறைவு.

சாயங்காலம் அங்கே காணும் காட்சி வேடிக்கையானது. நெடுந்தூரம் ஓட்டி வந்த தகப்பனார் டிரெய்லரைப் பின்பக்கமாக மனைக்குள் தள்ளப் பாடுபடுவார். தாயார் பின்னால் நின்று கையை ஆட்டி வழி காட்டுவார். இரண்டு தடவை மரத்தில் இடிக்கப் போய், மூன்றாம் தடவை சரியாக நிற்கும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கம்பியையும் குழாயையும் மாட்டினால் வீடு தயார். அதற்குள் பிள்ளைகள் சைக்கிளை இறக்கிக்கொண்டு பறந்திருப்பார்கள்.

இருட்டியதும் பெரிய கணப்பு மூட்டுவார்கள். மிட்டாயைக் குச்சியில் குத்தித் தீயில் வாட்டித் தின்றபடி குடும்பங்கள் பாடும். பிறகு திறந்த வெளியில் டிஸ்னி படம். காலையில் துறையிலிருந்து படகு ஏறினால், ஏரி வழியாக நேரே பூங்காவின் வாசலுக்கே போய்விடலாம்.

டிஸ்னியின் பெயரில் எத்தனையோ கட்டடங்கள் எழுந்துவிட்டன. நுழைவுக் கட்டணமும் வருஷத்துக்கு வருஷம் ஏறி, பல குடும்பங்கள் கணக்குப் பார்க்கும் நிலை வந்திருப்பதும் உண்மை. இருந்தாலும் அந்த ஏரிக்கரை மைதானத்தில் டிரெய்லர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ராய் 1971 டிசம்பர் 20-ந் தேதி காலமானார். பூங்கா திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முகாம் மைதானம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தம்பி விரலால் காட்டிய இடங்களில் முதல் பங்கைக் கட்டி முடித்துவிட்டுத்தான் அண்ணன் போனார்.

வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த பத்திரிகைக்காரப் பையனுக்குக் கிடைக்காத ஒன்று, அங்கே கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. வேலிக்கு உள்ளேயே, தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் ஓர் இடம்.